தோன்றா எழுவாய்: படுக்கை விரிப்பைத் துவைத்தவர் யார்?

நெடுநல்வாடை வகுப்பில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு வரும்போது மாணவிகள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். 188 அடிகள் கொண்ட பாட்டில் அந்தக் கட்டிலுக்கு நக்கீரர் தாராளமாகவே இடம் கொடுத்திருக்கிறார். 40 வயது நிரம்பி, போரில் இறந்த யானையின் தந்தத்தால் ஆனது அது. கூர்மையான உளியால் செதுக்கிய கைவல்லவன் பாட்டில் இருக்கிறான். கட்டில் காலின் திரட்சிக்குப் பெண்ணின் பருத்த மார்பு உவமையாகிறது. முத்துச்சரங்கள் தொங்குகின்றன. துணையோடு கூடிய அன்னங்களின் தூவியால் மெத்தை செய்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கஞ்சியிட்டுத் துவைத்து மடித்த தூய விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டிருக்கிறது.

பல ஆண்டுகளாக இதை நடத்தி வருகிறேன். யானையின் வயதையும் அன்னத்தூவியையும் விரிவாகச் சொல்வேன். விரிப்பை ஒரு வரியில் கடந்துவிடுவேன். ஒரு வருடம் முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேடம், அந்த விரிப்ப யாரு தொவச்சிருப்பா?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “பரீட்சைக்கு அது வராதும்மா” என்றேன். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தர வேண்டியிருந்த பதில்.

படுக்கை விரிப்பைப் பற்றி இன்று பரவலாகக் கேட்கப்படும் கேள்வி வேறு. எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? வீட்டுக் குறிப்புப் பக்கங்கள் தயங்காமல் பதில் சொல்கின்றன: வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும், தலையணை உறையை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும், வெந்நீரில் துவைக்க வேண்டும், வெயிலில் உலர்த்த வேண்டும். மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், உலர்த்த வேண்டும் என்று வாக்கியங்கள் வரிசையாக முடிகின்றன. எவற்றிலும் எழுவாய் இல்லை. இதை இலக்கணம் தோன்றா எழுவாய் என்கிறது. சொல்லாமலே விளங்கிவிடும் என்பதால் சொல்லப்படாமல் விடப்படும் எழுவாய். இங்கே விளங்கிவிடுவது யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

குறிப்பின் காரணங்களில் பிழை இல்லை. தூங்கும்போது வியர்க்கிறோம், எண்ணெய் ஒட்டுகிறது, தோலின் செதில்கள் உதிர்கின்றன. அந்தச் செதில்களைத் தின்றுதான் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்தால் அவை பெருகும். ஆஸ்துமா இருப்பவருக்கும் ஒவ்வாமை இருப்பவருக்கும் அது தொல்லை. 60 டிகிரி வெந்நீர் அவற்றைக் கொல்லும். வீட்டில் ஒருவருக்குச் சிரங்கு வந்தால் எல்லோருடைய விரிப்பையும் சேர்த்துத்தான் துவைக்க வேண்டும். உடல்நலத்தின் பக்கம் நின்று பார்த்தால் வாரம் ஒருமுறை என்பது நியாயமான கணக்கே. அந்தக் கணக்கில் ஒரு தரப்பின் உடல் மட்டும் இருக்கிறது. விரிப்பில் படுப்பவரின் தோலும் மூச்சும் எண்ணப்படுகின்றன, துவைப்பவரின் இடுப்பும் தோளும் எண்ணப்படவில்லை.

நாம் எண்ணிப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று படுக்கை என்று வைத்துக்கொண்டால், மூன்று விரிப்பு, ஆறு தலையணை உறை, நான்கு போர்வை. வாரத்துக்கு 13 துணி, வருடத்துக்கு 676. ஒவ்வொன்றையும் உருவி, அலசி, பிழிந்து, உதறி, காயப்போட்டு, எடுத்து, மடித்து, மறுபடி விரிக்க வேண்டும். எந்திரம் இவற்றில் இரண்டு மூன்றைத்தான் செய்கிறது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் பெண்களில் 81.2 சதவீதத்தினர் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26.1 சதவீதத்தினர். ஈடுபட்ட பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 299 நிமிடம், ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடம். குறிப்புப் பக்கம் மறைத்த எழுவாயை அரசாங்கத்தின் புள்ளிவிவரம் எழுதிக் காட்டுகிறது.

ஊருக்கு ஊர் இந்த வேலையின் எடை மாறும். குத்துக்கல்வலசை, தென்காசி, குற்றாலம் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். வெளியூர்க்காரர்களுக்கு அது சீசன். இங்கே வீடு வைத்திருக்கும் பெண்ணுக்கு அது உலராத துணியின் காலம். சாரல் விட்டு விட்டுத் தூறும். கொடியில் போட்டதை ஓடி எடுத்து, வெயில் எட்டிப் பார்த்தால் மறுபடி போட்டு, கடைசியில் வீட்டுக்குள் கயிறு கட்டி மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட வேண்டும். தடித்த போர்வை மூன்று நாள் ஆனாலும் மக்கல் வாடையோடு இருக்கும். அதே மாதங்களில்தான் அருவியில் குளிக்க உறவினர்கள் வருவார்கள். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போய்வந்து ஈரத் தலையோடு தலையணையில் சாய்வார்கள். “உங்க ஊருக்கென்ன, சொர்க்கம்லா” என்பார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு குவிந்து கிடக்கும் விரிப்புகளைப் பற்றி எந்தக் குற்றாலப் பயணக் கட்டுரையிலும் படித்ததில்லை.

முன்பெல்லாம் எப்படி இருந்தது? மெத்தையும் விரிப்பும் எல்லா வீட்டுக்கும் வந்தது நெடுங்காலத்துக்கு முன்பு அல்ல. பெரும்பாலான வீடுகளில் பாய்தான் படுக்கை. தாமிரபரணிக் கரைப் பத்தமடையின் கோரைப்பாய் உலகப் புகழ் பெற்றது. பாயை உதறி, துடைத்து, வெயில் காட்டி, சுருட்டிச் சாத்திவிடலாம். பழைய சேலையே போர்வை. கட்டிலும் மெத்தையும் வந்தபோது விரிப்பும் உறையும் சேர்ந்து வந்தன. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலுக்கு வைத்த தலைப்பே ‘அம்மாவுக்கு இன்னும் கூடுதல் வேலை’ என்ற பொருள் தருவது. வீட்டுக் கருவிகள் பெருகிய காலத்தில் பெண்களின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று அவர் காட்டினார். கருவி வந்ததும் தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது. முன்பு வெளியே போய்க்கொண்டிருந்த சலவை வீட்டுக்குள், ஒரே பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் பெண்ணிய வாசிப்பு நின்றுவிடுவது எளிது. விரிப்பைத் துவைத்தவள் பெண் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், சலவை முன்பு வெளியே போனது என்றால் யாரிடம் போனது?

சங்கப் பாடல்களில் துவைப்பவளுக்குப் பெயர் இருக்கிறது. புலைத்தி என்பது அந்தப் பெயர். நற்றிணை 90இல் விழாக் காலத்து ஊரில் ஓயாத கையோடு இரவில் துணிக்குக் கஞ்சி தோய்க்கிறாள். குறுந்தொகை 330இல் அவள் கஞ்சி தோய்த்து அடித்துக் குளத்தில் போட்ட, முறுக்கு அவிழாத துணி, பகன்றை மலருக்கு உவமையாகிறது. புறநானூறு 311இல் களர் நிலத்தில் தோண்டிய குழியில் நாள்தோறும் வெளுக்கிறாள். களர் மண்ணின் காரம் அழுக்கை எடுக்கும் என்ற அறிவு அவளுடையது. பிற்காலத்து உவர்மண்ணும் வெள்ளாவியும் அதே அறிவின் தொடர்ச்சி. கலித்தொகை 72இல் தலைவனின் பரத்தைமையை வெளிப்படுத்தும் துணியைத் தலைவிக்குக் காட்டுபவளாக அவளே பேசப்படுகிறாள். துணிகளின் வழியாக ஊரின் இரகசியங்களை அறிந்தவள் அவள்.

இத்தனை இடங்களில் வருபவள் நெடுநல்வாடையின் படுக்கையறைக்குள் மட்டும் வரவில்லை. அவள் தோய்த்த கஞ்சி வருகிறது, அவள் எடுத்த வெண்மை வருகிறது. யானைக்கு வயது சொன்ன பாட்டில் அவளுக்கு ஒரு சொல் இல்லை. புலவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. துணிக்கு வாசல் திறந்து, துவைத்தவளுக்கு வாசலை மூடும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வழக்கம் எதுவரை போனது என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. தென்காசி 2019இல்தான் தனி மாவட்டமானது, அதுவரை திருநெல்வேலியோடு இருந்தது. அந்தத் திருநெல்வேலி மாவட்டத்தில் புதிரை வண்ணார்கள் பகலில் கண்ணில் படக்கூடாதவர்களாக வைக்கப்பட்டிருந்ததை 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழ் வெளியிட்டது. தீண்டப்படாதோர் எனப்பட்ட பிற சாதியாரின் துணிகளை வெளுத்தவர்கள் அவர்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் வேலை செய்ய வேண்டும், பகலில் வெளியே வரக்கூடாது. இலக்கணத்தில் நாம் படிக்கும் தோன்றா எழுவாய் இங்கே மனிதர்கள் மீது விதிக்கப்பட்டிருந்தது. நற்றிணைப் புலைத்தி இரவில் வேலை செய்ததை விழாவின் பரபரப்பு என்று நான் நடத்தியிருக்கிறேன். இந்தச் செய்தியைப் படித்த பிறகு அந்த இரவை அவ்வளவு இலேசாகக் கடக்க முடியவில்லை.

என் ஆச்சி வீட்டில் தீட்டுத் துணியும் பிள்ளை பெற்ற விரிப்பும் பின்வாசல் வழியாகத்தான் போகும். வாங்கிப் போக வருபவர் என் அம்மாவைவிட மூத்தவர். ஏழு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லி, “ஏளா” என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் “தாயி” என்றார். சாயங்காலம் அதே வாசலில் வந்து சோறு வாங்கிப் போவார். எங்கள் வீட்டில் பெண் பெரியவளானபோது உடுத்த மாற்றுச் சேலை கொண்டுவந்ததும் அவர்தான். எங்கள் உடம்பின் ஒவ்வொரு கறையும் அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டின் முன்வாசல் அவருக்குத் தெரியாது. ஆச்சிக்கும் அம்மாவுக்கும் முதுகு வலிக்காமல் போனதற்குக் காரணம் இன்னொரு பெண்ணின் முதுகு. சேலை மாற்றியும் சோறு போட்டும் அதை நாங்கள் உறவு என்று சொல்லிக்கொண்டோம்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலின் ஆரோக்கியம், தமிழ் உரைநடையில் அந்தப் பெண்ணுக்கு எழுவாய் இடத்தைக் கொடுத்தவர். ஊரின் துணியை வாரிச் சுமப்பதும், பிரசவத்துக்கு ஓடுவதும், இராச்சோற்றுக்கு வாசல் வாசலாக நிற்பதும் அவர் பார்வையிலிருந்து சொல்லப்படுகின்றன. நெடுநல்வாடையையும் இந்த நாவலையும் ஒரே பருவத்தில் பாடமாக வைத்தால் மாணவிகளுக்கு இரண்டுமே வேறு விதமாகத் திறக்கும் என்று நினைக்கிறேன்.

திரும்பவும் கட்டிலுக்கு வருவோம். அந்த வெளுத்த விரிப்பின் மேல் படுத்திருக்கும் அரசி அழுக்கேறிய நூற்புடவை உடுத்தியிருக்கிறாள் என்கிறது பாட்டு. அரசன் பாசறையில் இருக்கிறான். முன்பு பூந்துகில் உடுத்தவள் இப்போது தன்னை அலங்கரித்துக்கொள்ளவில்லை. அவளுடைய அழுக்கு அவளுடைய அன்புக்கு அடையாளம். விரிப்பின் வெண்மை அரண்மனையின் செல்வத்துக்கு அடையாளம். அரசியின் மேல் உள்ள அழுக்கைக் கற்பு என்று படிக்கிறோம். அழுக்கை எடுத்தவள் மேல் அதே அழுக்கு சாதியாக ஒட்டிக்கொண்டது. புலைத்தி என்ற தொழிற்பெயர் பின்னாளில் இழிசொல்லின் பக்கம் சரிந்தது. இன்றைய வீட்டில் விரிப்பில் கறை இருந்தால் விருந்தினர் குடும்பத் தலைவனைப் பற்றி எதுவும் நினைப்பதில்லை. “வீட்டுப் பொம்பள சரியில்ல” என்கிறார்கள். ஒரே அழுக்கு, யார் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்து மூன்று பொருள் தருகிறது.

ஆகவே எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. நோயாளி படுத்திருக்கும் விரிப்பை நாள்தோறும் மாற்ற வேண்டியிருக்கும். வியர்வை மிகுந்த கோடையில் வாரம் ஒருமுறை நல்லது. சாரலில் இரண்டு வாரம் ஆனாலும் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, வெயில் வந்த அன்று தலையணையை வெளியே போட்டால் போதும். ஆனால் இந்த எண்ணை யார் முடிவு செய்வது? படுப்பவர்கள் எல்லோரும் துவைக்கும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஒருத்தியே துவைக்கும் வீட்டில் அவள் சொல்வதே எண்ணாக இருக்கட்டும். கூலி கொடுத்துத் துவைக்கக் கொடுத்தால், ஒரு போர்வையின் ஈர எடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கூலி பேசட்டும். பையனுக்குப் பத்து வயதானால் தன் விரிப்பைத் தானே உருவி, அலசி, கொடியில் போடக் கற்றுக்கொடுக்கலாம். கறை பட்டால் பெண்பிள்ளை மட்டும் விடியுமுன் எழுந்து ஒளித்துத் துவைக்கும் வழக்கத்தை அந்த வீட்டில் நிறுத்தலாம்.

அந்த மாணவி இப்போது என்னிடம் படிக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து கட்டிலை நடத்தும்போது யானையின் வயதுக்குப் பிறகு நிறுத்திக்கொண்டு, அவள் கேட்ட கேள்வியை நானே கேட்கிறேன். குறுந்தொகையையும் நற்றிணையையும் புறநானூற்றையும் விரித்து வைத்துத் தேடச் சொல்கிறேன். உள்தேர்வில் அது ஐந்து மதிப்பெண் கேள்வி.