மேல்மலையில் ஒரு வட்டத்தொட்டி

கச்சேரிக்கு ரசிகர் உண்டு, நாடகத்துக்கு உண்டு. சாப்பாட்டுக்கும் இப்போது பத்திரிகையில் பத்தி எழுதும் அளவுக்கு ரசிகர்கள் வந்துவிட்டார்கள். நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுகிற பேச்சுக்கு மட்டும் நான் ரசிகன் என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை. வெட்டிப்பேச்சு என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட்டோம். எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் ஓய்வு பெற்ற அன்றோடு போயிற்று. அஞ்சல் துறையில் காலம் தள்ளியவன் நான். பிறர் எழுதிய பேச்சை மூட்டை மூட்டையாகப் பிரித்து அனுப்பிய கை இது. இப்போது கொடைக்கானல் மேல்மலையில் போளூரில் குடியிருக்கிறேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று பஸ் வளைந்து வளைந்து வந்து சேரும் ஊர். கேரள எல்லை பக்கத்தில்தான். சபா கிடையாது, நூல் வெளியீட்டு விழா கிடையாது. டீக்கடை பெஞ்சு உண்டு.

மேடைப் பேச்சைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு மரியாதைக்குக் குறைவில்லை; ஆட்சியையே பிடித்துக் காட்டிய கலை அது. ஆனால் மேடையில் ஒருவர் பேச ஆயிரம் பேர் கைதட்ட வேண்டும். நான் சொல்கிற பேச்சில் கைதட்ட ஆள் இல்லை. கேட்பவரும் அடுத்த நிமிஷம் பேசுகிறவர்தான். அதனால் அளந்து பேச வேண்டியிருக்கும். அலட்டினால் எதிரே இருப்பவர் எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விடுவார்.

இந்தக் கலைக்குத் தமிழில் ஒரு பேராசான் இருந்தார்: ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். 1882-ல் பிறந்து 1954-ல் மறைந்தவர். வக்கீலுக்குப் படித்தார், அந்தத் தொழிலில் மனசு ஒட்டவில்லை. 1927-ல் சென்னை மாகாணச் சட்ட கவுன்சில் உறுப்பினர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையர். இதற்காகவெல்லாம் இன்று யாரும் அவரை நினைப்பதில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நண்பர்களை உட்கார வைத்துப் பேசினாரே, அதற்காக நினைக்கிறோம். வட்டத்தொட்டி என்று அதற்குப் பெயர் நிலைத்தது. ஓய்வுக்குப் பிறகு அவர் குற்றாலத்துக்குக் குடிபோனார். வட்டத்தொட்டியும் கூடவே போயிற்று. ராஜாஜி வருவார், கல்கி வருவார். நீதிபதி மகராஜன், தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் என்று ஒரு வட்டம். பின்னால் பெரிய எழுத்தாளரான கி.ராஜநாராயணன், இளைஞராக அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டவர்.

டி.கே.சி. ஒரு பாட்டைக் கையில் எடுத்தால் அடுத்த பாட்டுக்குப் போக அவசரமே கிடையாது. ஒரு தடவை சொல்வார். திரும்பச் சொல்வார். ஒரு சொல்லில் நிறுத்தி, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எடுப்பார். கேட்டவர்கள் எழுதி வைத்திருப்பதையெல்லாம் படித்தால், பாட்டின் அர்த்தத்தை அவர் விளக்கியதாகக்கூடத் தோன்றவில்லை. பாட்டுக்கும் கேட்பவனுக்கும் நடுவே இருந்த திரையை மெல்ல ஒதுக்கியிருக்கிறார், அவ்வளவுதான். பதிப்பாசிரியராக அவர்மேல் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. கம்பனில் தமக்குப் பிடிக்காத பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களை மாற்றினார். புலவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. ஏடு பார்த்துப் பதிப்பிக்கிறவன் செய்யக்கூடாத காரியம் அது. ஆனால் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு அந்தச் சலுகை உண்டு. நல்ல பேச்சாளி எந்தக் கதையைத்தான் கேட்டபடியே திருப்பிச் சொல்லியிருக்கிறான்?

அரசியலும் அங்கே இருந்தது. ராஜாஜி 1937 முதல் 1939 வரை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர். கல்கி விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். டி.கே.சி.யோ வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். இந்த மூன்று பேரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், ஒரே பாட்டுக்குத் தலையாட்டினார்கள். சும்மா தலையாட்டிவிட்டுக் கலைந்ததோடு முடியவில்லை. 1940-களில் தமிழிசைக்காகக் கிளர்ச்சி எழுந்தபோது மூன்று பேரும் அந்தப் பக்கம் நின்றார்கள். எதிரே இருந்தவர்கள் சங்கீத உலகின் பெரிய புள்ளிகள். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பணமும் செல்வாக்கும் அதற்கு அஸ்திவாரம் என்றாலும், ‘புரிகிற மொழியில் பாடினால் என்ன?’ என்ற கேள்வி இப்படிப்பட்ட கூடங்களில் பேசிப் பேசித்தான் பழுத்தது.

பேச்சுக்கு ஒரு சாபம் உண்டு. பேசியவுடன் காற்றோடு போய்விடும். லண்டனில் டாக்டர் ஜான்சன் 1764-ல் நண்பர்களோடு தொடங்கிய கிளப்பில் பேசியதில் கொஞ்சமாவது நமக்குக் கிடைக்கிறதென்றால், பாஸ்வெல் என்ற புண்ணியவான் கூடவே இருந்து எழுதி வைத்ததால்தான். டி.கே.சி.க்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது தபால் இலாகா. (என் இலாகாவைப் பற்றிப் பெருமை பேச ஓர் இடம் கிடைத்தால் விடுவேனா?) அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் தொகுப்பாக வந்திருக்கின்றன. அவற்றில் ஆரம்பம் முடிவு என்று பார்க்கக்கூடாது. குற்றாலத்துச் சாரல், வந்து போன விருந்தாளிகள், அன்றைக்குப் படித்த பாட்டு, சாப்பாடு, நடுவே ஒரு கிண்டல். எழுதியிருக்கிறார் என்பது மறந்து, திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார் என்றே தோன்றும். வேலையில் இருந்தபோது கடிதம் என்றால் எனக்கு எடை, முத்திரை, பின்கோடு. ஓய்வுக்குப் பிறகுதான் அதற்குக் குரல் உண்டு என்று தெரிந்தது.

குற்றாலத்தை விட்டுப் போளூருக்கு வருகிறேன். இங்கே கம்பன் இல்லை, பூண்டு இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைந்ததைச் சாக்கில் கட்டிப் பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். விலை அங்கேதான் தீர்மானமாகும். குறியீடு கிடைத்த சமாசாரத்தைப் பற்றி டீக்கடையில் நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் குரங்குக் குல்லாவைக் காதுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். டீயை ஒரு வாய் குடித்தார். கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். பிறகு சொன்னார்:

“பூண்டுக்குப் பேரு வந்துருச்சுங்க சார். விலைக்கு மட்டும் இன்னும் பேரந்தான்.”

இதில் நான் ரசித்தது சிலேடையை மட்டுமில்லை. கிளாஸைக் கீழே வைத்தாரே, அதை. அந்த இடைவெளி இல்லாமல் சொல்லியிருந்தால் பாதி ருசி போயிருக்கும். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் நகைச்சுவைக்குத் தாமே சிரிப்பவர்களை இந்தப் பெஞ்சு மதிப்பதில்லை.

பேச்சுக்கு இங்கே என்றும் வற்றாத விஷயம் ஒன்று உண்டு. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போய் மூணாறில் இறங்கும் பழைய பாதை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சென்னையைத் தாக்கினால் தப்பிப் போக என்று போட்டதாகச் சொல்வார்கள். எஸ்கேப் ரோடு என்றே பெயர். 1990-ல் மூடினார்கள். இப்போது இந்தப் பக்கம் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், அந்தப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. எங்கள் பக்கத்திலிருந்து கேரளத்துக்கு நல்ல ரோடு வேண்டும் என்பது மேல்மலைக்காரர்களின் நெடுநாள் ஆசை. காடு என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கு உண்டு. அதைச் சொன்னால், நீங்கள் பென்ஷன் வாங்குகிறவர் என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்கள். அதுவும் நியாயந்தான். ஒருநாள் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் அந்தப் பெரியவரிடம் கேட்டான்.

“கேரளாவுக்கு ரோடு வருமா தாத்தா?”

“வரும்யா. எலக்சன் வந்தா வரும்.”

“அப்புறம்?”

“அப்புறம் போயிரும்.”

தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு மணி நேரம் கத்தியும் எட்டாத இடத்துக்கு இந்த நாலு வரி போய்விட்டது. விவாதத்தில் ஒவ்வொருவரும் ஒரு கட்சிக்காக வந்து உட்கார்கிறார். கேட்டு மனசு மாறினால் அவருக்கு வேலை போய்விடும். அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. பெஞ்சில் எல்லாக் கட்சிக்காரர்களும் உண்டு. ஆனால் நாளைக்கும் இதே பெஞ்சில் உட்கார வேண்டும், பூண்டு அறுப்புக்கு அவர் வீட்டு ஆள் நமக்கு வர வேண்டும், நம் வீட்டுச் சாவுக்கு அவர் முன்னால் நிற்க வேண்டும். இந்தக் கட்டாயம்தான் பேச்சுக்கு நயம் கொடுக்கிறது. கோபம் வராமல் இல்லை. வந்தால் சிகரெட் வாங்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டு, கொஞ்சம் கழித்து வேறு பேச்சோடு வந்து உட்காருவார்கள்.

ஆண்களின் பெஞ்சைவிட நல்ல பேச்சு நடக்கிற இடம் வேறு இருக்கிறது. அறுப்பு முடிந்து பூண்டு காய்ந்ததும், வீட்டு முன்னால் குவித்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து வேரையும் தாளையும் நறுக்குவார்கள். பெரும்பாலும் பெண்கள். கை தன்பாட்டில் ஓடும். கண் கையில் இருக்கும். அதனால் யார் முகத்தையும் பார்க்காமல் எதையும் சொல்லிவிடலாம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணத்தைக் கொடைக்கானல் மலைப்பகுதிக்கும் நீட்டிப்பதாக 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நலத்திட்டமா, இலவசமா என்று நகரத்தில் கட்டுரை எழுதினார்கள். இங்கே ஒரு அம்மா நறுக்கிக்கொண்டே சொன்னார்: “முந்தியெல்லாம் டிக்கெட்டு காசுக்கு அவருகிட்ட நிக்கணும். எங்க போற, எதுக்குப் போறன்னு நூறு கேள்வி. இப்ப நான் போயிட்டு வந்ததே அவருக்குத் தெரியாது.” எதிரே இருந்த மாமியார், குனிந்த தலை நிமிராமல், “எனக்குத் தெரியும்” என்றார். குவியலைச் சுற்றிச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு திட்டத்தால் வீட்டுக்குள் யார் கை ஓங்கியது, யார் கண்காணிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில் வந்துவிட்டது.

சத்யஜித் ராயின் கடைசிப் படமான ‘ஆகந்துக்’கில் (1991), நெடுநாள் கழித்து ஊர் திரும்பிய மாமா ஒருவர் அட்டாவைப் பற்றி, அதாவது வங்காளிகள் கூடி உட்கார்ந்து பேசும் பேச்சைப் பற்றி, பேசும் இடம் ஒன்று உண்டு. வங்காளிகள் அதைத் தங்கள் சொத்து என்று கொண்டாடுகிறார்கள்; கல்கத்தா காலேஜ் தெரு காபி ஹவுஸுக்கு அதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது அதற்குக் குறைந்ததில்லை, கொண்டாடத்தான் ஆள் இல்லை. 1942-ல் மதுரையில் தொடங்கிய தந்திப் பத்திரிகை டீக்கடை டீக்கடையாகப் போய், ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்கும் பழக்கத்தை ஊர்தோறும் பரப்பியது. எழுத்துத் தெரியாதவர்களும் செய்தி கேட்டுக் கருத்துச் சொன்னார்கள். அது எவ்வளவு பெரிய அரசியல் பள்ளிக்கூடம் என்று யாரும் முழுசாக எழுதவில்லை.

ஓய்வு பெற்றவர்களிடம் ஒரு வியாதி உண்டு. எனக்கும் உண்டு. நாற்காலியில் இருந்தபோது சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். அது நம் பேச்சின் அழகுக்காக என்று நம்பிவிடுகிறோம். பெஞ்சில் உட்கார்ந்த சில மாதங்களில் அந்த நம்பிக்கை கழன்று விழும். அதன்பிறகுதான் காது திறக்கிறது. டி.கே.சி. ஆணையராக இருந்து இறங்கியவர். ஆனால் கூடத்தில் அவருக்கு நாற்காலி தேவைப்படவில்லை. அவர் ரசிகமணி என்ற பட்டத்தோடு நிற்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சுக்கு அரசர், நாவுக்கு வேந்தர் என்று பட்டம் வாங்கியவர்கள் நம்மிடம் எத்தனையோ பேர். ரசித்ததற்காக ஒருவரைக் கொண்டாடியது அபூர்வம். அவருடைய பேச்சே மற்றவர்கள் செய்ததை அனுபவித்ததன் விளைவுதான்.

2018-ல் மலை முழுக்கக் குறிஞ்சி பூத்தது. அடுத்தது 2030. சமீபத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது பேச்சு அதில் வந்து நின்றது. குல்லாப் பெரியவர், “அடுத்த பூவுக்கு நான் இருக்க மாட்டேன்” என்றார். யாரும் ‘அப்படிச் சொல்லாதீங்க’ என்று ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மருமகன் முறைக்காரர் நிதானமாக, “அதனால என்ன மாமா, வாக்காளர் பட்டியல்ல இருப்பீங்க” என்றார். பெரியவர் முதல்முறையாகத் தம் விதியை மீறிச் சத்தம் போட்டுச் சிரித்தார். சாவையும் தேர்தலையும் ஒரே மூச்சில் இப்படி எடை போட மேடைக்காரர்கள் எத்தனை பேருக்கு வரும்?

ஓய்வு பெறப் போகிறவர்களுக்கும் பெற்றுவிட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டி.கே.சி. கடிதத் தொகுப்பு பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். வாங்கி, மனசுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள், எதிரே கேட்க ஒரு ஆளையும் உட்கார வைத்துக்கொண்டு. அவர் நடுவில் குறுக்கிட்டுத் தம் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.