மறுபிறவியும் சிறைக்கதவும்

வாழ்ந்தபோது வராத கடவுள், வீழ்ந்தபோது வந்தார்! அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் சார்லஸ் கோல்சனின் கதை இது. வாட்டர்கேட் ஊழல் வெடித்த 1973-இல் கிறித்துவிடம் மனம் மாறினார். வியட்நாம் போரின் பொய்களை அம்பலமாக்கிய எல்ஸ்பெர்க் மீது பழிதூற்றி நீதியைத் தடுத்ததாக 1974-இல் ஒப்புக்கொண்டு, ஏழு மாதம் சிறையிருந்தார். 1976-இல் மறுபிறப்பைத் தலைப்பாக்கித் தன்வரலாறு தந்தார். சிறை ஊழிய அமைப்பும் கண்டார்.

குற்றத்தை ஒப்பிய துணிவும், விடுதலைக்குப் பின்னும் கைதிகளை மறவாத பண்பும் போற்றத்தக்கன. நம்பிக்கை அவரது உரிமை. ஆனால் அந்த நம்பிக்கையே கைதியிடம் விலையாகக் கேட்கப்பட்டால்?

அயோவா மாநிலச் சிறையில் அவ்வமைப்பின் மதப் பயிற்சியில் சேர்ந்தோருக்கு, மற்றவர்க்கில்லாத வசதிகள் கிடைத்தன. அரசுப் பணமும் செலவாயிற்று. அது அரசமைப்புக்கு முரண் என்று 2006-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோழர்களே! பழவேற்காட்டு ஏரிக்கரையில் மாதா கோயில் மணியும், மசூதிப் பாங்கும், அம்மன் கோயில் உடுக்கையும் ஒலிக்கின்றன. சூறைக்காற்று மதம் கேட்டுப் படகைக் கவிழ்ப்பதில்லை. கரைசேர்க்கும் கை மட்டும் மதம் கேட்கலாமா? கைதிக்குக் காட்டும் கருணை சலுகையன்று, மனித உரிமை!