அசலான அனுபவம்

விமர்சனக் கூட்டங்களில் நான் அதிகம் உதிர்த்த சொல் 'அசலான அனுபவம்'. குறிப்பாக, தலித் எழுத்தாளர் ஒருவரின் பிரதியைப் பற்றிப் பேசும்போது. மரியாதை என்று நினைத்துத்தான் சொல்லிவந்தேன்.

ஓர் இளைஞரின் முதல் தொகுப்பை, அச்சுக்குப் போகுமுன், கையெழுத்துப் பிரதியாகவே வாசித்துப் பேசினோம். முடிந்து டீக்கடையில் நிற்கையில் கேட்டார்: "தோழர், எல்லாம் நல்லாச் சொன்னீங்க. அந்த மூணாவது கதை தேறுமா தேறாதான்னு சொல்லலையே?" அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. சாதி இந்து விமர்சகன் குறை சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம். பயத்துக்கு நான் வைத்த பெயர்தான் மரியாதை. என் சாதிக்காரன் எழுதியிருந்தால் வடிவம், மொழி, பாத்திரம் என்று பிய்த்துப் போட்டிருப்பேன். அவருக்கு வாழ்க்கை, எங்களுக்குக் கலை. இந்தப் பங்கீடு எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

1959-இல் 'எழுத்து' தொடங்கிய செல்லப்பா அலசல் விமர்சனத்தை வற்புறுத்தினார். அதன் அரசியலற்ற தன்மையை நாமெல்லாம் ஏசி முடித்துவிட்டோம், சரி. ஆனால் அதில் ஒரு நாணயம் உண்டு: எந்த வரி என்று காட்டியாக வேண்டும். க.நா.சு.வின் பட்டியல்களில் பெயர் இருக்கும், காரணம் இருக்காது. நம் பாராட்டும் அந்த ரகம்தான். வசையும் அப்படியே. 'குப்பை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எவன் எந்தப் பத்தியைத் திருத்துவான்?

மறுநாள் அவர் அறைக்குப் போய்ப் பக்கம் பக்கமாகப் பேசினேன். மூன்றாவது கதையின் கடைசிப் பத்தி, கதை ஏற்கெனவே சொன்னதையே மறுபடி சொல்கிறது, வெட்டலாம் என்றேன். ஊருக்குள் கொச்சையாகப் பேசும் அம்மா, தாசில்தார் ஆபீசில் மட்டும் அச்சு நடைக்கு மாறுகிறாள். அங்கே பேசுவது ஆசிரியர் என்றேன்.

முதலாவதை உடனே ஒப்புக்கொண்டார். அம்மா விஷயத்தில் விடவில்லை. "எங்கம்மா ஆபீசருங்க முன்னாடி அப்படித்தான் பேசும். ரேடியோ நியூஸ் கேட்டுக் கத்துக்கிட்டது. நம்ம பாஷையில பேசினா உள்ளயே விடமாட்டானுங்க."

சுருக்கென்றது. குறை என்று நான் கண்ட இடத்தில் ஒரு பெண்ணின் தந்திரம் இருந்திருக்கிறது. 1992-இல் பேச்சுமொழியிலேயே பாமாவின் 'கருக்கு' வந்தது பெரிய உடைப்பு. அதிலிருந்து தலித் பாத்திரம் கொச்சையில்தான் பேச வேண்டும் என்று என் காது ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது.

இருந்தும் விட மனசில்லை. "அந்த ரேடியோ கதையில எங்கேயும் இல்லையே" என்றேன். கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டினார். "ஆமா, இல்ல." விளிம்பில் குறித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "இதையெல்லாம் நேத்துக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே தோழர்" என்றார்.