பாபநாசம் சிவன் பாடல்கள்: மாடவீதியும் திரைப்படமும்

பாபநாசம் சிவனைத் 'தமிழ்த் தியாகையர்' எனப் போற்றுவது இசையுலகில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்காகும். இவ்வழக்கு அவருக்குப் பெருமை சேர்ப்பதே. எனினும் அவரைப் பற்றிய ஆராய்ச்சியை இஃது ஒருபுறமாகச் சாய்த்துவிட்டது என்பதும் மறுத்தற்கரியது. கீர்த்தனைகளைப் பாராட்டுவோர் அவர் திரைப்படங்களுக்கு இயற்றிய பாடல்களை வயிற்றுப் பிழைப்பிற்காகச் செய்யப்பட்டவை என ஒதுக்கிவிடுவர். திரைப்படப் பாடல்களை விரும்புவோரோ அவற்றைப் பாடிய நட்சத்திரங்களின் பெயராலேயே அவற்றை நினைவு கூர்வர்; இயற்றியவர் யார் என வினவுதலும் அரிது. இவ்விரு சாராரும் ஒரே மனிதரை இருவராகப் பிளந்து வைத்துள்ளனர். கோயில் வீதியிற் பாடிய சிவனுக்கும் படத்திற்குப் பாடல் எழுதிய சிவனுக்கும் உள்ள உறவு யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் ஊரில் 1890ஆம் ஆண்டு பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இராமையா. ஏழு வயதில் தந்தையை இழந்தார். 1899இல் தாயார் யோகாம்பாள் மைந்தரை அழைத்துக்கொண்டு உறவினர் உதவியை நாடித் திருவனந்தபுரம் சேர்ந்தார். ஏழை அந்தணர்க்கு ஊட்டுப்புரைகள் அன்னமளித்த நகர் அது. அங்கு மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியிற் பயின்று வியாகரணத்திற் பட்டம் பெற்றார் இராமையா. வடமொழி இலக்கணம் கற்றுத் தேறிய ஒருவரே பிற்காலத்திற் பாமரரும் பாடும் தமிழ்ப் பாடல்களை இயற்றினார் என்பது இலக்கிய வரலாற்றில் நிகழும் விந்தைகளுள் ஒன்று. அவ்வியாகரணம் அவர் பாடல்களுக்கு வலிமையாகவும் அமைந்தது, சுமையாகவும் அமைந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இசையை அவர் குருகுலத்தில் நெடுங்காலம் இருந்து முறையாகப் பயின்றவரல்லர். நூரணி மகாதேவ பாகவதர் போன்றோரிடம் சிறிது பயின்றார். கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் பாட்டைக் கேட்டுக் கேட்டு உள்ளத்திற் பதித்துக்கொண்டார். இவற்றினும் மேலாக, நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள் ஒலித்த கரமனைப் பஜனைக் கூட்டங்களே அவருக்குப் பள்ளியாக அமைந்தன. 1910இல் தாயாரும் மறைந்தபின், பற்றுக்கோடின்றித் தஞ்சை நாட்டுத் தலங்கள்தோறும் பாடித் திரிந்தார். தமையனார் இராஜகோபாலையர் வாழ்ந்த பாபநாசம் அவர் வந்து தங்கும் இடமாயிற்று. உடலெங்கும் நீறு பூசித் திரிந்த இவ்விளைஞரை மக்கள் 'சிவன்' என்றனர். அதுவே பெயராய் நிலைத்தது. ஆயினும் தம் கீர்த்தனைகளில் அவர் பதித்த முத்திரை 'இராமதாசன்' என்பதே. முதற் கீர்த்தனை திருவாரூர்த் தியாகேசர்மீது குந்தலவராளி இராகத்திற் பிறந்தது. 1918இல் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் முதற் கச்சேரி நிகழ்ந்தது. 1930ஐ அடுத்துச் சென்னை மயிலாப்பூரிற் குடியேறினார். அங்கு மார்கழி விடியற்காலையிற் கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளில் அவர் நடத்திய பஜனை பெரும் புகழ் பெற்றது.

அவர் பாடல்களின் அமைப்பைப் புரிந்துகொள்வதற்கு இப்பஜனையின் இயல்பை நோக்குதல் வேண்டும். கச்சேரியிற் பாடுபவர் ஒருவர், கேட்போர் பலர். பஜனையிலோ கேட்போரும் பாடுவோரே. முன்னே செல்பவர் ஓரடியை எடுக்க, பின்வருவோர் அதனை வாங்கிப் பாடுவர். வாங்கும் அடி நாவிற்கு இடர் செய்யாது, நடந்துகொண்டே பாடத்தக்கதாய், ஒருமுறை கேட்டவுடன் மனத்திற் பதிவதாய் இருத்தல் வேண்டும். எஞ்சிய அடிகள் தலைவருக்கு உரியன. அங்கே அவர் தம் கல்வியையும் இராக ஞானத்தையும் காட்டலாம்.

சிவன் பாடல்களில் இவ்வமைப்பு அப்படியே படிந்துள்ளது. அவருடைய புகழ்பெற்ற பல்லவிகளுட் பலவும் பேச்சு வழக்கிலுள்ள வினாக்களாகவோ வியப்புகளாகவோ அமைந்துள்ளன. காபி இராகத்துக் கீர்த்தனை, யசோதையை நோக்கி அவள் செய்த தவத்தை வியந்து கேட்கிறது. நவரசகன்னட இராகத்துக் கீர்த்தனை, தான் ஒரு பொம்மையோ என அம்பிகையிடமே முறையிடுகிறது. காம்போதியிற் கபாலியின் திருவுலாவைக் காண இரு கண் போதாது என்னும் ஏக்கமே எடுப்பு. இவை புலவர் கூற்றல்ல. வீதியில் நிற்கும் ஒரு கிழவியின் வாயில் இயல்பாக எழக்கூடிய சொற்கள். இப்பல்லவியைக் கடந்து சரணத்தை அடைந்தவுடன் நடை மாறிவிடுகிறது. வடமொழித் தொகைகளும் தெய்வ நாமங்களும் அடுக்கடுக்காக வருகின்றன. பல்லவி கூட்டத்திற்கு உரியது. சரணம் வியாகரண பண்டிதருக்கு உரியது.

இத்தகைய ஒருவர் பேசும் படத்துறையுட் புகுந்தது 1934ஆம் ஆண்டிலாகும். பிரபாத் நிறுவனம் தமிழில் எடுத்த 'சீதா கல்யாணம்' என்ற படத்திற்கு அவர் பாடல் இயற்றினார். அதில் இராமராக நடித்த எஸ். இராஜம் அவரிடம் இசை பயின்ற மயிலாப்பூர்ச் சிறுவர். நாற்பத்துநான்கு வயது வரை தலங்கள்தோறும் பாடித் திரிந்த ஒருவர், அதன்பின் பத்தே ஆண்டுகளில் தமிழ்த் திரையின் முதன்மையான பாடலாசிரியராயினார். எம். கே. தியாகராஜ பாகவதர், எம். எஸ். சுப்புலக்ஷ்மி ஆகியோர் பாடிப் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றிற்கும் ஆசிரியர் இவரே. அக்காலத் தமிழ்ப் படங்களிற் கதையினும் பாட்டே மிகுதி. கொட்டகையிற் பாட்டுப் புத்தகத்தை வாங்கி வீடு திரும்பும் மக்கள் மனத்திற் கொண்டு செல்வது பல்லவி ஒன்றையே. மாடவீதியில் நாற்பது ஐம்பது பேர் வாங்கிப் பாடிய அடியை இப்பொழுது தமிழகமும் ஈழமும் மலாயாவும் வாங்கிப் பாடின. பஜனைக்கெனப் பழகிய கைக்குத் திரைப்படம் அந்நியமாகத் தோன்றாமைக்குக் காரணம் இதுவே.

ஆனால், இவ்வளவோடு நின்றிருப்பின் திரைப்படம் அவருடைய பாடல்களைப் பரப்பிய கருவி என்று மட்டுமே கூற இயலும். அஃது அதனினும் பெரியதொன்றைச் செய்தது. கீர்த்தனைகளில் உள்ள குறை ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அவற்றில் பேசுவோன் பெரும்பாலும் ஒருவனே: அருளை வேண்டி நிற்கும் அடியவன். அவன் இன்று கபாலியிடமும் நாளை கற்பகத்திடமும் மறுநாள் முருகனிடமும் நிற்கிறான். நிலை மாறுவதில்லை, விளிப்பெயர் மட்டுமே மாறுகிறது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தையோ கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தையோ பயின்றவர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். நந்தன் ஒரு குரலிலும் வேதியர் வேறொரு குரலிலும் பேசுகின்றனர். கதையின் நெருக்கடியே அங்கு பாட்டைப் பிறப்பிக்கின்றது. சிவனுக்கு அத்தகைய நெருக்கடியைக் கொடுத்தது கோயிலன்று, திரைப்படமே.

'ஹரிதாஸ்' (1944) இதற்குத் தக்க சான்று. சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. பெற்றோரை இகழ்ந்து, கணிகையின் மயக்கத்தில் உழலும் செல்வச் செருக்கனாகப் பாகவதர் தோன்றுகிறார். 'மன்மத லீலை' எனத் தொடங்கும் பாடல் அவன் வாயில் எழுகின்றது. அதன் பல்லவியும் ஒரு வினாவே. ஆனால் இவ்வினா இறைவனிடம் முறையிடுவதன்று. தன் இழிவிற்கு உலகத்தையே துணைக்கழைக்கும் தருக்கனின் வினா. இதற்குச் சிவன் கொண்ட இராகம் சாருகேசி. இராமன் தன்னோடு பேசலாகாதா எனத் தியாகையர் ஏங்கிய இராகமும் அதுவே. அவ்வேக்கத்தை அறிந்த செவிக்கு இப்பாடலிற் புலப்படும் முரண் சுவை பயப்பது. அவன் மனந்திருந்திய பின்னர் வருவது 'கிருஷ்ணா முகுந்தா' என்னும் பாடல். கண்ணனின் திருநாமங்களைத் தவிர அதிற் பிறிதொன்றும் இல்லை எனலாம். நவரோஜ் இராகமும் பஜனை மரபிற்கு உரியதே. தனித்து நின்றால் அது பஜனைப் பாடல்களுள் மற்றுமொன்றாகவே கழிந்திருக்கும். முன்னைய பாடலின் செருக்கைக் கேட்ட காதிற்கோ, வெறும் நாமங்களே போதும் என்னும் நிலைக்கு அவன் வந்து சேர்ந்தமை நெஞ்சைத் தொடுகின்றது. கீர்த்தனையில் அலங்காரமாக இருந்த நாம அடுக்கு இங்கே பாத்திரத்தின் மனமாற்றமாகி விடுகிறது.

பாகவதரின் குரலும் இவ்வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது. உச்ச சுருதியில் நின்று மின்னலென இறங்கும் சாரீரம் அவருடையது. மெல்லோசை மிக்க சொற்களையும் நெட்டெழுத்தில் முடியும் சீர்களையும் சிவன் அவருக்கெனத் தேர்ந்து வைத்தார் என்பது 'சிவகவி' (1943) பாடல்களைக் கேட்போர்க்கு விளங்கும். இசைத் துறையில் ஜி. இராமநாதனின் பங்கும் இப்படங்களிற் கணிசமானது. அதனை மறைத்தல் நேர்மையன்று.

சிவனே நடித்த படங்களும் உள. 'பக்த குசேலா' (1936) என்னும் படத்தில் அவரே குசேலர். இருபத்தேழு மக்களைப் பெற்ற ஏழை அந்தணனாக நடிப்பதற்கு அவருக்குப் பயிற்சி வேண்டியதில்லை என்று கூறின் அது வேடிக்கையன்று. கல்கியின் கதையைக் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி'யில் (1939) அவர் சம்பு சாஸ்திரியாகத் தோன்றினார். தீண்டாமையை எதிர்த்த அந்தணராக அவர் வந்த அப்படத்தைப் பிரிட்டிஷ் அரசாங்கம் தடைசெய்தது.

குறைகளையும் கூறாது விடலாகாது. 'அம்பிகாபதி' (1937) கம்பர் மகனின் கதை. 'சிவகவி' பொய்யாமொழிப் புலவரின் கதை. இத்தகைய பாத்திரங்கள் பாடும்பொழுது, பழந்தமிழ்ப் புலவனின் வாயில் மயிலாப்பூர் மணிப்பிரவாளம் வெளிப்படுவது செவ்விய தமிழ் பயின்றவரை உறுத்தவே செய்யும். தமிழிசை இயக்கம் ஓங்கி, 1943இல் தமிழிசைச் சங்கமும் தோன்றிய காலம் அது. தமிழிற் பாடல் இல்லை என்றவர்க்கு விடையாகச் சிவன் கீர்த்தனைகள் காட்டப்பட்டன. காட்டியவர்களுட் சிலரே அவற்றின் வடசொற் பெருக்கைக் கண்டு முகம் சுளித்தனர். இக்குற்றச்சாட்டிற்கு முழு விடை இல்லை. வடமொழி அகராதியொன்றையும் தொகுத்த அவருக்கு அச்சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. ஏட்டில் வைத்துப் படிக்கும்பொழுது அவருடைய சரணங்களுட் பல கவிதையென்று கொள்ளத்தக்கன அல்ல. எனினும் எதுகை விழும் இடமும் தாளத்தின் எடுப்பும் ஒன்றோடொன்று பிழையாது பொருந்துவதைப் பாடிப் பார்த்தவரே அறிவர். அந்நுட்பத்தை ஏட்டில் தேடிக் காணாது குறைகூறுவது முறையன்று.

1944ஆம் ஆண்டின் இறுதியிற் பாகவதர் ஒரு கொலைவழக்கிற் கைதானார். 1947இல் விடுதலை பெற்று அவர் மீண்டபொழுது திரைப்படத்தின் சுவையே மாறியிருந்தது. வசனம் பாட்டின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. சமூகக் கதைகளும் பகுத்தறிவுக் கொள்கையும் மேலோங்கின. படங்களிற் சிவனுக்கு இருந்த இடமும் குறைந்தது. அவரோ மார்கழிப் பஜனையை விட்டாரில்லை. இதற்கிடையே திரைப்படப் பாடல்கள் வேறொரு வழியில் மேடையேறின. 'சேவாசதனம்' (1938) படத்திற்கென ஹிந்தோளத்தில் அமைந்த பாடலை எம். எஸ். சுப்புலக்ஷ்மி கச்சேரிகளிலும் பாடினார். அது படத்திலிருந்து வந்தது என்பதை அறியாமலே அதனைக் கற்ற மாணவரும் பலர். ஈழத்து வாசகர்க்கு அணுக்கமான செய்தி ஒன்றும் உண்டு. 1960களில் மருதனார்மடம் இராமநாதன் இசைக் கல்லூரியின் தலைவராக விளங்கிய மகாராஜபுரம் சந்தானம் சிவனுடைய கீர்த்தனைகளைப் பெரிதும் பாடிப் பரப்பியவர்களுள் ஒருவர்.

சென்னைச் சங்கீத வித்துவ சபை 1971ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி விருதைச் சிவனுக்கு வழங்கியபொழுது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். 1972இற் பத்மபூஷண் கிடைத்தது. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். கீர்த்தனைகளைக் கற்பிக்கும் இசையாசிரியர்கள் அவற்றின் பக்கத்தில் 'ஹரிதாஸ்' பாடல்களையும் வைத்து, ஒரே இராகத்தில் ஒரே ஆசிரியர் இருவேறு மனநிலைகளை எவ்வாறு அமைத்தார் என மாணவர்க்கு ஒப்பிட்டுக் காட்டும் வழக்கம் இன்னும் ஏற்படவில்லை.