பொன்னாங்கண்ணியும் ஆய்வகத் தட்டும்

பொன்னாங்கண்ணி தின்னா பகல்லயே நட்சத்திரம் தெரியும்னு எங்க தஞ்சாவூர்ப் பக்கம் சொல்வாங்க. இப்போ "ஆய்வே இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அந்த வகை ஆய்வுகள் என்ன செய்கின்றன? தட்டில் வளர்த்த கண் செல்கள் மேல் லூட்டின், குவெர்செட்டின் போன்றவற்றை நேரடியாக ஊற்றி, புறஊதாக் கதிர் காட்டி, அழற்சி குறைகிறதா என்று பார்க்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனா தின்ற கீரை குடல், கல்லீரல் எல்லாம் தாண்டியல்லவா கண்ணுக்குப் போகணும்? யூனிட் டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னு புரொடக்‌ஷனுக்கு அனுப்புற கதை இது.

2013-ல் வெளியான ஏரெட்ஸ்-2 சோதனையில் சுமார் 4,200 பேர். வழக்கமான சத்து மாத்திரையோடு லூட்டின் 10 மி.கி., சியாசாந்தின் 2 மி.கி. சேர்த்தும், முதன்மை முடிவில் விழித்திரைச் சிதைவு முற்றுவது கூடுதலாகக் குறையவில்லை.

கீரை தின்னுங்க, நல்லது. ஆனால் உச்சி வெயிலில் நடவு நடுகிற பெண்களுக்குக் கீரையைச் சொல்லும் நாம், அகல விளிம்புத் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கோமா?