செவ்வெழுத்தும் ஒரு போதகரும்

முதலாண்டு இறையியல் மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பில் நத்தானியேல் ஹாதார்ன் இயற்றிய ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ என்னும் புதினத்தைக் கற்பித்தபோது, மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டின் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, ஒரு புறம் கதைமாந்தர், மறுபுறம் அவர்கள் குறிக்கும் பொருள் என எழுதி வந்து காட்டினார். ஹெஸ்டர் என்றால் பாவம். டிம்ஸ்டேல் என்றால் மாய்மாலம். சில்லிங்வொர்த் என்றால் பழிவாங்குதல். செவ்வெழுத்து என்றால் விபசாரம். தேர்வுக்கு இது போதும், நூலுக்குப் போதாது. உவமைகளுக்கெல்லாம் இவ்வாறே பொருள் எழுதிப் பிரசங்கிக்கும் வழக்கம் நம்மிடையே இருத்தலால், இதைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

1850இல் வெளிவந்த இந்நூலின் களம், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய பாஸ்டன் நகரம். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1641ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விபசாரம் மரண தண்டனைக்குரிய குற்றம். கதையில் நீதிபதிகள் இரக்கம் காட்டி, ஹெஸ்டர் பிரின் கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் தண்டனை மேடையில் நிற்கவும், வாழ்நாள் முழுவதும் ‘ஏ’ என்னும் எழுத்தை மார்பில் அணியவும் விதிக்கின்றனர். ஆசிரியரின் முன்னோருள் ஒருவரான ஜான் ஹாதார்ன், 1692இல் சேலம் நகரில் நடந்த சூனியக்காரர் வழக்குகளில் நீதிபதிகளுள் ஒருவராய் அமர்ந்தவர். தம் குலத்தின் நீதிபதிகளையே ஆசிரியர் இங்கு விசாரிக்கிறார் எனக் கொள்ளலாம்.

அந்த எழுத்து எதன் முதலெழுத்து என்பதை நாம் அறிவோம். ஆயினும் அச்சொல்லை ஆசிரியர் நூலில் ஓரிடத்தும் எழுதவில்லை. எழுதாமல் விட்டமையால்தான் அவ்வெழுத்து பொருள் மாறிக்கொண்டே செல்ல இயலுகிறது. ஹெஸ்டர் அதைப் பொன்னிழையால் அலங்கரித்துப் பின்னுகிறாள். அவள் நோயாளிகளையும் வறியோரையும் கவனித்துவரக் கண்ட ஊரார் சிலர், ஆண்டுகள் சென்றபின், அதற்கு ஆற்றல் மிக்கவள் என்று பொருளுரைக்கின்றனர். ஆளுநர் வின்த்ரோப் இறந்த இரவில் வானில் அதே எழுத்து ஒளிர்ந்ததாகக் கண்டோர், அவர் தேவதூதரானமைக்கு அது அடையாளம் என்கின்றனர். ஆக, அடையாளத்தின் பொருளைச் சபை விதித்தது. ஆனால் சபையாலேயே அதைக் காத்துவைக்க முடியவில்லை. (அவளுடைய தையல் ஆளுநரின் உடையிலும் இடம்பெற்றது, மணப்பெண்ணின் முகத்திரைக்கு மட்டும் ஒருவரும் அவளிடம் வேலை கொடுக்கவில்லை என்பதையும் ஆசிரியர் மறவாமல் குறிக்கிறார்.)

நம்மைப் போன்றோர் நின்று நிதானித்து வாசிக்க வேண்டியவர் ஆர்தர் டிம்ஸ்டேல். குழந்தையின் தகப்பன் இவரே. அவளுடைய போதகரும் இவரே. தகப்பன் பெயரைச் சொல்லும்படி ஊரறிய அவளுக்குப் புத்தி சொல்லும் பொறுப்பு இவர்மேலேயே விழுகிறது. இவரை வெறும் மாய்மாலக்காரர் என்று சொல்லிவிட்டால் நாம் எளிதில் தப்பித்துக்கொள்கிறோம். இவர் உபவாசிக்கிறார், இரவெல்லாம் விழித்திருக்கிறார், தம்மையே சவுக்கால் அடித்துக்கொள்கிறார். அதற்கும் மேலாக, பிரசங்க பீடத்திலேயே தம்மைப் பாவிகளுள் மிகக் கொடியவர் என அறிக்கையிடுகிறார். சபையார் செய்ததென்ன? இத்தனை பரிசுத்தரே தம்மை இவ்வாறு கூறினால் எங்கள் நிலை என்ன என்று அவரை முன்னிலும் அதிகமாய்ப் போற்றுகின்றனர். அவர்கள் அப்படித்தான் கொள்வார்கள் என்பது அவருக்கும் தெரியும். பொதுவான பாவ அறிக்கை, குறிப்பான பாவத்திற்கு மறைவிடமாகிறது. புதினத்தின் மிகக் கூர்மையான இடம் இதுவே என்பது என் துணிபு. பெயரும் நாளும் இல்லாத அறிக்கையைப் பழகிய குரலில் வாரந்தோறும் சொல்லும் நமக்கு இதனை விளக்க விரிவுரை வேண்டியதில்லை.

மேடை மூன்று முறை வருகிறது: தொடக்கத்தில், நடுவில், முடிவில். முதன்முறை ஹெஸ்டர் மட்டும் பகலில் நிற்கிறாள். நடுவில் டிம்ஸ்டேல் இரவில், ஊர் உறங்கும்போது ஏறி நிற்கிறார். அவ்வழி வந்த ஹெஸ்டரும் மகள் பெர்லும் அவரோடு ஏறுகின்றனர். நாளை நண்பகலில் எங்களுடன் நிற்பீரா என்று சிறுமி கேட்க, நியாயத்தீர்ப்பு நாளில் நிற்பேன் என்கிறார். கடைசிக் காலத்தைப் பற்றிய உபதேசமும் ஒளிந்துகொள்ளப் பயன்படும் என்பதை இதைவிடச் சுருக்கமாய்க் காட்டல் அரிது. மறுநாள் ஆலயப் பணியாளர் மேடையில் கிடந்த அவரது கையுறையைக் கொண்டுவந்து, சாத்தான் செய்த வேலை என்று சொல்லிக் கொடுக்கிறார். மேலும், காட்டில் ஹெஸ்டரைக் கண்டு, கப்பலேறி ஓடிப்போக ஒப்புக்கொண்ட பின்னும், பயணத்திற்குமுன் தேர்தல் நாள் பிரசங்கத்தைச் செய்துமுடிக்க நாள் இருக்கிறதென்று மகிழ்கிறார். கடமையைக் குறைவிட்டுப் போனார் என்று ஒருவரும் சொல்லலாகாதாம்! இவ்வரிகளை வாசித்து வகுப்பில் மாணவர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை.

குறைகளும் உண்டு. சில்லிங்வொர்த் தொடக்கத்தில் வஞ்சிக்கப்பட்ட கணவன்; நமது இரக்கத்திற்கு உரியவன். போகப்போக ஆசிரியர் அவனைப் பேயின் சாயலாகவே தீட்டி, மனிதனை இழந்துவிடுகிறார். பெர்லும் பல இடங்களில் குழந்தையாக இன்றி எழுத்தின் உயிர்வடிவாகவே பேசுகிறாள். எனினும், உன்னை உண்டாக்கியவர் யார் என்று மூத்த போதகர் வில்சன் கேட்க, வினாவிடை நன்கறிந்த அச்சிறுமி, சிறைவாசலின் ரோஜாச் செடியிலிருந்து தாய் தன்னைப் பறித்ததாகச் சொல்லும் இடத்தில் உண்மையான குழந்தை தலைகாட்டுகிறது.

இறுதி அறிக்கை மனந்திரும்புதல்தானா? டிம்ஸ்டேல் பகலில், யாவரும் காண, மேடையில் ஏறி மார்பைத் திறந்து காட்டி உயிர்விடுகிறார். அப்போதும் பின்விளைவுகளைச் சுமக்கப் பிழைத்திராமல், அதனை மீண்டும் ஹெஸ்டரிடமே விட்டுச்செல்கிறார் என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தை நான் முற்றும் தள்ளமாட்டேன். ஆயினும் பெர்ல் அவரை முத்தமிட்டு அழுகிறாள். அவள் கேட்டது நண்பகலில் அந்தக் கையைப் பிடித்து நிற்பது ஒன்றே. அது கிடைத்தது.

ஹெஸ்டர் பல ஆண்டுகளுக்குப் பின் தானாகவே பாஸ்டனுக்குத் திரும்புகிறாள். கட்டாயப்படுத்துவார் ஒருவரும் இல்லாதபோதும் அந்த எழுத்தை மீண்டும் அணிகிறாள். மனம் நொந்த பெண்கள் ஆறுதலும் ஆலோசனையும் நாடி அவளுடைய குடிசைக்கு வருகின்றனர். போதகர் வீட்டுக்குச் சென்றதாக நூலில் இல்லை.