ரொமேரோவின் கடைசிப் படம்

1978-ல் 'டான் ஆஃப் தி டெட்'டில் நடைப்பிணங்களை ஷாப்பிங் மாலுக்குள் உலவவிட்டு நம்மையே காட்டியவர் ஜார்ஜ் ரொமேரோ. அந்த நம்பிக்கையில் 'சர்வைவல் ஆஃப் தி டெட்' (2009) பார்த்தேன். சப்புன்னு ஆயிடுச்சு.

ஒரு தீவு, ஜென்மப்பகை கொண்ட இரண்டு குடும்பங்கள். பிணங்களைச் சுட்டுத் தள்ளணும்னு ஓ'ஃப்ளின். சங்கிலியில் கட்டிவைத்து, மனிதக்கறியை விட்டு வேறு மாமிசம் தின்னப் பழக்கலாம்னு மல்டூன். அருமையான முடிச்சு! நம்ம வீட்டில் ஒருத்தர் அப்படி ஆனால் என்ன செய்வோம்? படம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. கவ்பாய் படம் மாதிரி துப்பாக்கிச் சண்டையிலேயே நேரம் போகுது. ரத்தம் வேறு கம்ப்யூட்டரில் தெளித்தது. டாம் சவினியின் கைவேலையைப் பார்த்த கண்ணுக்கு எரிச்சல்தான்.

கடைசிக் காட்சி மட்டும் பழைய ரொமேரோ. செத்த பிறகும் இரண்டு கிழவர்களும் நிலவொளியில், தோட்டா தீர்ந்த துப்பாக்கியால் ஒருத்தரையொருத்தர் சுட்டுக்கிட்டே இருக்காங்க.